எண்பத்தைந்தில் உதற ஆரம்பிக்கும் பழைய கார்: எங்கே தேடுவது?

எண்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியாது. எண்பத்தைந்தைத் தொட்டதும் ஸ்டியரிங் மெல்ல நடுங்கும். தொண்ணூற்றைந்தில் உள்ளங்கை மரத்துப்போகிற அளவுக்கு உதறும். இன்னும் கொஞ்சம் மிதித்தால், நூற்றைந்து பக்கம் தானாகவே அடங்கிவிடும். பத்து வருடம் தாண்டிய கார்களில் இந்தப் புகார் அவ்வளவு சகஜம். அதற்குச் சொல்லப்படும் தவறான வைத்தியமும் அதே அளவு சகஜம்: "அலைன்மென்ட் அவுட் ஆயிருக்கும் சார், ஒரு தடவை பண்ணிடுங்க."

என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார். திருச்சியிலிருந்து மதுரை போகும் நான்கு வழிச் சாலையில் விராலிமலை தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் உதறல் வரும். மேலூர் நெருங்கி வேகத்தைக் குறைக்கிற வரை விடாது. ஒரே வருடத்தில் மூன்று முறை அலைன்மென்ட் செய்தேன். மூன்று முறையும் திரையில் எல்லாக் கோணங்களும் பச்சையில் வந்தன. உதறல் மட்டும் போகவில்லை. கோளாறு இருந்தது அலைன்மென்ட் மெஷின் பார்க்கவே பார்க்காத இடத்தில். அந்தக் கதை கீழே வருகிறது.

சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்ற கணக்குதான் அலைன்மென்ட். அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். அதிர்வு அப்படியல்ல. ஏதோ ஒன்று சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டுகிறது. ஆகவே சுற்றுகிற பொருளைத்தான் தேட வேண்டும்: டயர், ரிம், ஹப் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பகுதி), டிஸ்க் (பிரேக் பிடிக்கும் தட்டு), ஆக்ஸில் (இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), இன்ஜின். இதில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், ஆக்ஸில் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பழைய காரின் விலையே செலவாகிவிடும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

முதலில் வீல் நட். சமீபத்தில் பஞ்சர் போட்டிருந்தாலோ டயர் மாற்றியிருந்தாலோ இது கண்டிப்பு. நட் தளர்ந்த சக்கரம் முதலில் அதிர்வாகத்தான் சொல்லும். அதற்கடுத்த கட்டம் சக்கரமே கழல்வது. வீல் ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் சரிபாருங்கள். வரிசையாக வட்டம் போட்டு இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே இருப்பது. டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கார் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

அடுத்து காற்று. டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு.

மூன்றாவதாக ரிம்மின் உள்பக்கம். வெளியே பளபளவென்று கழுவியிருப்போம், உள்பக்கம் குனிந்து பார்த்திருக்க மாட்டோம். மழையில் கிராமத்து மண் சாலையில் போய் வந்த கார்களில் உள்விளிம்போடு களிமண் கட்டியாக ஒட்டிக் காய்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஐம்பது கிராம் ஒட்டினால் போதும், தொண்ணூறில் கார் உதறும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது திடீரென்று ஆரம்பித்த உதறலா? தண்ணீர் அடித்துக் கழுவுவதுதான் முதல் மருந்து.

அப்படியே டயரின் பக்கச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்காவது கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தால் அந்தச் சக்கரத்தோடு வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனையே வேண்டாம். ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு மெதுவாக டயர் கடைக்குப் போய்விடுங்கள்.

காலிச் சாலையில் கால் மணி நேரம்

நேரான, நல்ல, கூட்டமில்லாத சாலை வேண்டும். அந்தச் சாலைக்கு அனுமதித்த வேகத்தைத் தாண்டத் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டால் நல்லது. இருபது கிலோமீட்டராவது ஓட்டி டயர் சூடான பிறகு ஆரம்பியுங்கள். மாதக்கணக்கில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்ற காரில் டயர் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும்; சூடானதும் பெரும்பாலும் போய்விடும். அதைக் கோளாறாக எண்ணிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

அதிர்வு எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்று முதலில் குறியுங்கள். கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா என்பதையும் குறியுங்கள். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இடுப்பிலும் காலடியிலும் அதிர்ந்தால் பின் சக்கரம். நூற்றுக்கு நூறு இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேட ஆரம்பிக்க இது போதும்.

உதறல் உச்சத்தில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேனுவல் கியர் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை ஐடிலில் விட்டுப் பாருங்கள். சாவியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைக்கக் கூடாது: பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரல் வேண்டாம், காலை எடுத்துப் பார்த்தால் போதும். நியூட்ரலிலும் உதறல் துளியும் மாறவில்லை என்றால் குற்றவாளி சக்கரத்தோடு சுற்றுகிற ஒன்று. உடனே போய்விட்டால் இன்ஜின் பக்கம், அல்லது இழுவை வரும்போது மட்டும் ஆடுகிற ஜாயின்ட்.

அதே வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதற்கு வாருங்கள். சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். அதிர்வின் குணம் மாறினால் இன்ஜின் பக்கம்தான். நிறுத்தி வைத்த காரில் அதே ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ரேஸ் கொடுத்தும் அதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக, தொண்ணூறிலிருந்து மெதுவாக பிரேக் பிடித்துப் பாருங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது, நியூட்ரலிலும் மாற்றமில்லை

பத்தில் ஏழெட்டு பேருக்கு இதுதான் பிரச்சினை என்பது என் அனுபவம். சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது, அல்லது சக்கரம் வட்டமாக இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் எனக்குத் தெரியாமல் போன விஷயம்.

எடையை முதலில் பார்ப்போம். 165/80 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினான்கு பதினைந்து சுற்று. ரிம் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால் (மூன்று பத்து ரூபாய் நாணயத்தின் எடைகூட இல்லை), அந்த வேகத்தில் அது ஏறத்தாழ மூன்று கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். நொடிக்குப் பதினான்கு முறை மேலும் கீழும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் ஒன்றுமே தெரிவதில்லை.

நூற்றைந்தில் அடங்குவது ஏன்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது போய்வரும் நேரத்துக்கு ஒத்துத் தள்ளினால் விரல் தொட்டாலே உயரும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு தள்ளினாலும் எழும்பாது. ஸ்பிரிங்கிலும் புஷ் எனும் ரப்பர் இணைப்பிலும் தொங்கும் சக்கரத்துக்கும் அப்படிச் சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் உண்டு. சக்கரத்தின் தட்டு அதோடு ஒத்துப்போகிற வேகத்தில் உதறல் உச்சம், தாண்டினால் குறையும். குறைந்ததனால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இழுக்கும் விசை உள்ளே கூடிக்கொண்டேதான் போகிறது, சக்கரம் சுற்ற உதவும் பேரிங்கும், அதைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் எனும் மூட்டும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த எடைச் சமநிலைதான் பேலன்ஸ். அது கெடுவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. எடையைச் சமன் செய்ய ரிம்மில் ஒட்டியிருந்த வெயிட் (சின்ன உலோகத் துண்டு) விழுந்திருக்கும்: அழுக்குப் படிந்த ரிம்மில் சுத்தமாக ஒரு செவ்வகம் மட்டும் தெரிந்தால் அங்கே வெயிட் இருந்து போயிருக்கிறது. அல்லது சாலையோர பஞ்சர் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பேட்ச் போட்டு, வேறு கோணத்தில் திரும்ப மாட்டியிருப்பார்கள். டயரைக் கழற்றப் போகிறார்கள் என்றால், காற்று வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்ப அதே இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

பேலன்சிங் செய்ய விடும்போது பக்கத்தில் நில்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "பேலன்சிங் பண்ணியாச்சு, அப்பவும் போகல" என்று சொல்லும் பலருக்கு பேலன்சிங் சரியாகச் செய்யப்படவில்லை. பழைய வெயிட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரிம்மின் உள்பக்கம் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மெஷினில் ஜீரோ வந்ததும் நான் எப்போதும் ஒன்று கேட்பேன்.

"தம்பி, வீலைத் தளர்த்தி அரைச் சுற்று திருப்பி மாட்டி, இன்னொரு தடவை ஓட விடுங்க."

"இப்பதான சார் ஜீரோ காட்டுச்சு?"

"திருப்பி மாட்டினாலும் ஜீரோவே காட்டணும்ல, அதுக்குத்தான்."

திருப்பி மாட்டியதும் 25, 15 என்று எண்கள் வந்தால், சக்கரம் மெஷினின் தண்டில் நடுவாக உட்காரவில்லை. சக்கரத்தை நடுவில் பிடிக்கும் கோன் தேய்ந்திருக்கலாம், ரிம் ஓட்டையில் துரு இருக்கலாம். அப்படி ஒட்டிய வெயிட் காரில் போய் வேலை செய்யாது. அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் செய்தான். முதல் சக்கரத்திலேயே எண் மாறியதைப் பார்த்ததும் மற்ற மூன்றையும் நான் கேட்காமலே அப்படிச் செய்தான்.

வெளியே வாங்கிய அலாய் வீல் போட்டவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் சக்கரம் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். மெஷினில் அருமையாக ஜீரோ காட்டும், சாலையில் உதறும்.

பேலன்சிங் ஒழுங்காகச் செய்தும் போகவில்லை

இங்கேதான் என் கார் மாட்டிக்கொண்டு கிடந்தது. பேலன்சிங் மெஷின் எடையைத்தான் பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது. முட்டை வடிவ டயரைக்கூட வெயிட் ஒட்டி ஜீரோவுக்குக் கொண்டுவந்துவிடலாம். தரையில் உருளும்போது அது ஒவ்வொரு சுற்றுக்கும் காரைத் தூக்கித் தூக்கிப் போடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். டயருக்கு முன்னால் இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பேனாவை வைத்து, அதன் முனை டயரின் பட்டனை (தரையில் படும், பள்ளம் வெட்டிய ரப்பரை) தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நகர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

என் முன் வலது சக்கரத்தை அப்படிச் சுற்றியபோது முக்கால் சுற்று வரை பேனா முனைக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி சீராக ஓடியது. பிறகு ஒரு இடம் வந்தது. ரப்பர் பேனாவைத் தொட்டு, தள்ளி, செங்கல்லிலிருந்து நகர்த்தியது. குனிந்து பார்த்தால் அந்த இடத்தில் பட்டனின் நடுக் கோடு நேராக இல்லை. பாம்பு நெளிவது போல ஒரு சாண் தூரம் வளைந்து திரும்ப நேராகியது. டயருக்கு உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிய ஆரம்பித்திருந்தது. பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருந்ததால் டயரை யாருமே சந்தேகப்படவில்லை. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தேன்: 2314. 2014ஆம் வருடம், 23ஆவது வாரம். அப்போதே ஏழு வயதுக்கு மேல் ஆன டயர்.

இந்தக் கோளாறு முன்கூட்டியே ஒரு குறிப்பு கொடுக்கும், நான்தான் கவனிக்கத் தவறினேன்: இருபது முப்பது வேகத்தில் ஸ்டியரிங் இடமும் வலமும் மெதுவாக அசையும், படகில் போகிற மாதிரி. பேலன்ஸ் கெட்ட சக்கரம் அந்த வேகத்தில் அசைக்காது. ஆக, குறைந்த வேகத்தில் அசைவு, அதிக வேகத்தில் உதறல் என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் டயரைத்தான் முதலில் பாருங்கள். பெல்ட் பிரிந்த டயர் நெடுஞ்சாலையில் வெடித்துப் பிரியும் டயர். அதை பேலன்சிங்கில் சரிசெய்ய முடியாது, பின்னால் மாற்றிப் போட்டும் ஓட்டக் கூடாது.

அதே பேனாவை ரிம் விளிம்பின் பக்கம் திருப்பி ரிம்மையும் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம் சில சமயம் உள்விளிம்பில் மட்டும் வளைந்திருக்கும், வெளியே தெரியாது. டயரில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் அது நல்ல டயர் இல்லை. ரிம்மில் ஒரு மில்லிமீட்டரே அதிகம்.

எந்தச் சக்கரம் என்றே தெரியவில்லை என்றால் ஸ்டெப்னியைக் கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எந்தச் சக்கரத்தை எடுத்ததும் உதறல் போகிறதோ அதுதான். காசு செலவில்லாத சோதனை. ஆனால் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களின் அதே அளவில் இருக்க வேண்டும். சில கார்களில் சிறிய ஸ்டெப்னி கொடுத்து 80 கி.மீ. எல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள்.

அறிகுறி: மிதிக்கும்போது மட்டும் அதிர்கிறது, காலை எடுத்தால் இல்லை

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் இது பெரும்பாலும் ஆக்ஸிலின் உள்பக்க சிவி ஜாயின்ட் (ஆக்ஸில் வளைந்துகொடுத்துச் சுற்ற உதவும் மூட்டு). ஏற்றத்தில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அழுத்தி மிதிக்கும்போது கார் இடம் வலமாகக் குலுங்கும். வெளிப்பக்க ஜாயின்ட் போனால் அறிகுறி வேறு: முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கிறதா பாருங்கள். முழு ஆக்ஸிலையும் மாற்றச் சொல்வதற்கு முன், இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுன்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மவுன்ட் உட்கார்ந்துவிட்டால் ஆக்ஸிலின் கோணம் மாறி, நல்ல ஜாயின்ட்கூட அதிரும். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போதும் கார் நடுங்கினால் மவுன்ட் மீது சந்தேகம் கூடுகிறது.

அம்பாசடர், ஆம்னி, சுமோ, பொலேரோ போல பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் இழுவையைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், இருக்கிறது. அது சக்கரத்தைவிட நான்கு மடங்கு போல வேகமாகச் சுற்றும். அதனால் அதன் அதிர்வு உதறலாக இருக்காது; காலடியில் 'ர்ர்ர்' என்ற ரீங்காரமாக இருக்கும். அதன் முனையிலுள்ள கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் வேலை முடிந்த மறுநாளிலிருந்து ஆரம்பித்தது என்றால், ஷாஃப்ட்டைக் கழற்றும்போது குறி போடாமல் கழற்றி வேறு கோணத்தில் மாட்டியிருக்கலாம். திரும்பக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பிரேக் பிடித்தால் மட்டும் உதறுகிறது

டிஸ்க். ஸ்டியரிங்கும் உதறி, பெடலும் காலைத் தள்ளினால் முன் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. பெடல் மட்டும் துடித்து சீட் அதிர்ந்தால் பின்பக்க டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். (அவசரமாக அழுத்திப் பிடிக்கும்போது ஏபிஎஸ் காலைத் தட்டுவது இயல்பு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டிஸ்க்கை லேத்தில் கடைசல் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே போகக் கூடாது. புது டிஸ்க் போட்டாலும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பும். காற்று கன்னால் நட்டைக் கண்டபடி இறுக்குவதும் இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: அதிர்வோடு ஊளைச் சத்தம்

வேகத்தோடு கூடும் 'ஊம்ம்' சத்தம், வளைவில் மாறுகிறது என்றால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்; பாரம் அந்தப் பக்கம் சாய்வதால். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). பால் ஜாயின்ட்டில் கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருக்கும் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். இவை எல்லாம் அதிர்வைப் பெரிதாக்கும், பெரும்பாலும் தொடங்கி வைப்பதில்லை. தேய்ந்த புஷ்ஷை மாற்றியதும் உதறல் பாதியாகக் குறைந்து, ஒரு மாதத்தில் திரும்ப வருவது இதனால்தான். தட்டுகிற சக்கரம் அப்படியே இருக்கிறது.

மெக்கானிக்கிடம் போகும்போது

"வண்டி அதிருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஓட்டிப் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். நான் கடைசியாகக் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்:

85இல் ஆரம்பம், 95இல் உச்சம், 105இல் குறைவு. ஸ்டியரிங்கில் மட்டும். நியூட்ரலிலும் அதே அளவு. நான்காவது கியரிலும் மாற்றமில்லை. பிரேக்கில் கூடவில்லை. 25இல் லேசாக இட வல அசைவு உண்டு. ஸ்டெப்னியை முன் வலதில் போட்டால் எதுவும் இல்லை.

அவர் படித்துவிட்டு பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. நேரே முன் வலது சக்கரத்திடம் போய் உட்கார்ந்தார்.